கொட்டாங்கச்சிக் கண்ணாடி

ஜப்பான்காரர்கள் வந்த மறு வருஷமே கோலா கெத்தில் டவுன் கடைகளில் துணி இல்லாமல் போயிற்று. தோட்டத்துப் பெண்கள் இருந்த ஒரே சேலையை இரண்டாகக் கிழித்து உடுத்தினார்கள். ஆண்கள் கோணிச் சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார்கள். பிரிஜெட் அந்தக் கோணிகளைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

போருக்கு முன் அவள் பேர்போன தையல்காரி. மாதா கோயில் கல்யாணங்களுக்கு வெள்ளைக் கவுன் அவள்தான் தைப்பாள். ஆத்துக்கரைத் தோட்டத்துத் துரைசாணி தன் உடுப்புகளைச் சரிபார்க்க அவளைக் கார் அனுப்பிக் கூப்பிடுவாள். துரைசாணிக்குக் கப்பலில் உடுப்புப் புத்தகங்கள் வரும். வசந்தத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, இலையுதிர் காலத்துக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. பருவம் மாறினால் உடுப்பும் அடியோடு மாற வேண்டும் என்று எங்கோ ஓர் ஊரில் சட்டம் இருப்பது போலிருக்கும் அவற்றைப் பார்த்தால். பிரிஜெட் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் தானே ஓர் உடுப்பை வரைவாள். வரைந்ததைத் தைத்தால் உடுத்த ஆள் கிடையாது. காலையில் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள்.

ஜப்பான்காரர்கள் வருகிறார்கள் என்றதும் துரையும் துரைசாணியும் ஒரே நாளில் காரேறி ஓடிப்போனார்கள். அந்தப் புத்தகங்கள் பாசார்க் கடைகளில் வெல்லம் மடிக்கப் பயன்பட்டன. பினாங்கில் குண்டு விழுந்த நாளிலிருந்து அவள் அண்ணன் பெர்னார்டைப் பற்றித் தகவல் இல்லை. கோயிலுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் அவளும் தையல் மெஷினும் மட்டும் மிஞ்சினார்கள்.

கிழங்குக்காக அவள் ஆத்துக்கரைத் தோட்டத்துக்கு நடந்து போவாள். லயத்து வரிசை வீடுகளின் வாசலில் உட்கார்ந்து கிழிசல்களைத் தைத்துக் கொடுத்தால் மரவள்ளி கிடைக்கும். அப்படித்தான் காளியம்மா பழக்கமானாள். பால் மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவள். பிரிஜெட்டைவிட நாலைந்து வயது இளையவள். இடுப்பில் எப்போதும் ரமணி என்ற கைக்குழந்தை. அவள் புருஷன் பழனியாண்டிக்கு, ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் ஸ்டோரில் வேலை.

ஒருநாள் காளியம்மா அவனுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது பிரிஜெட்டும் கூடப் போனாள். ஸ்டோர்க் கதவு திறந்தது. உள்ளேயிருந்து புகை பொங்கி வந்தது. புகைக்குள்ளிருந்து வந்த முகத்தைப் பார்த்து பிரிஜெட் ஓரடி பின்னால் போய்விட்டாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள், அவற்றின் நடுவே பச்சையாக ஒரு மினுமினுப்பு.

"பயப்படாதீங்கக்கா, நம்ம ஆளுதான். தவக்களை மாதிரி இருக்காரு இல்ல?" என்று காளியம்மா சிரித்தாள்.

அவன் அதைக் கழற்றிக் காட்டினான். கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெலிதாக்கிய இரண்டு வட்டங்கள். அவற்றுக்குள் பச்சை பாட்டில் கண்ணாடி. காதுக்குப் பதிலாகத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்ட, சைக்கிள் ட்யூபில் வெட்டிய வார்.

"புகையில கண்ணு அவிஞ்சு போவுது தங்கச்சி. முன்ன ஆஸ்பத்திரில மருந்து ஊத்துவாங்க. இப்ப எங்க? அதான் நானே செஞ்சுகிட்டேன்."

"கண்ணாடிய எப்படிண்ணே இவ்வளவு வட்டமா வெட்டுனீங்க?"

"தண்ணிக்குள்ள வச்சுக் கத்திரிச்சு, கல்லுல தேய்ச்சேன். அவசரப்பட்டா ஒடஞ்சிரும். பொறுமையா இருந்தா கேக்கும்."

பிரிஜெட் அதை வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தாள். தோட்டம் முழுக்க ஆற்றுக்கடியில் கிடப்பது போலிருந்தது. ஆனால் அவள் மனதைப் பிடித்தது அந்தப் பச்சை அல்ல, அதைச் சுற்றியிருந்த கறுப்பு விளிம்பு. வெறும் உடைந்த பாட்டில் துண்டு அது. தடித்த விளிம்பு ஒன்று சுற்றிப் பிடித்ததால் நகைபோல் ஆகியிருந்தது.

திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் அதே நினைவு. இத்தனை நாள் அவள் ஒட்டுப் போட்ட இடத்தை மறைக்கத்தான் பாடுபட்டாள். மறைக்காமல் விளிம்பு கட்டிக் காட்டினால் என்ன?

அன்று கிழங்கை அவிக்கக்கூட மறந்துவிட்டு அவள் தரையில் வரைந்தாள்.

மாவுச் சாக்கை வெளுத்து, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மங்குஸ்தான் தோலில் கறுக்கச் சாயம் போட்ட கோணி விளிம்புக்குள் வைத்துத் தைத்தாள். பழனியாண்டி கொட்டாங்கச்சியில் பொத்தான் செய்து கொடுத்தான். அந்தச் சட்டையையும் பாவாடையையும் போட்டுக்கொண்டு காளியம்மா பாசாருக்குப் போனபோது, மீன் விற்கும் மலாய்க்காரி கூட எழுந்து வந்து தொட்டுப் பார்த்தாள்.

ஹமாடாவும் பார்த்தான். கோலா கெத்திலில் ஜப்பான் நிர்வாகத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவன். ஒரு பகல் அவன் பிரிஜெட்டின் வீட்டு வாசலில் வந்து நின்றான். பாசாரில் பழகும் கொச்சை மலாய் பேசுவான். அவள் குனிந்து வணங்கியபடியே நின்றாள்.

அவன் சட்டைகளைக் கேட்டான். இருந்ததை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சினான். பிறகு, தன் ஊரில் நான்கு பருவங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி உடுப்பு, தனி நிறம், இந்த ஊருக்குத்தான் பருவமே கிடையாதே என்று சொல்லிச் சிரித்தான்.

பிரிஜெட்டுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"இங்கயும் உண்டு துவான்" என்று மலாயில் மரியாதையாகச் சொன்னாள். "மாசி மாசம் பால் மரம் சிவந்து இலை கொட்டும். பிறகு துளிர் விடும், தாமிரம் மாதிரி இருக்கும். பிறகு கொட்டை வெடிக்கும். பிறகு அடைமழை."

அவன் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தான். சக்கரவர்த்தியின் பிறந்தநாள் வருகிறது, ஆற்றோரத்து ரப்பர்க் கிடங்கில் ஒரு விழா வைக்கலாம், அந்த நான்கு பருவத்துக்கும் உடுப்பு தைத்துக் காட்டு என்றான். சாக்கும் கொசுவலையும் பழைய கூடாரத் துணியும் நூலும் தானே அனுப்புவதாகச் சொன்னான். வருகிறவர்களுக்கு அரிசியும் சீனியும் உண்டு என்றான். வாசல் வரை போனவன் திரும்பிக் கேட்டான்:

"ஆம்பிளைகள் வருவார்களா? தோட்டத்து ஆம்பிளைகள் எல்லாரும் வர வேண்டும்."

பெண்கள் உடுப்பைப் பார்க்க ஆண்கள் எதற்கு என்று பிரிஜெட் நினைத்தாள். நினைத்ததை அப்படியே விட்டாள். வருவார்கள் என்றாள்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போதே வந்துவிட்டது. பண்டார் பாரு பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி வந்து நின்றதாம், வேலைக்காட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லையாம். ஆத்துக்கரைத் தோட்டத்து ஆண்கள் பலர் வேலை முடிந்ததும் லயத்தில் தங்காமல் புதர்க்காட்டுக்குள் போய்ப் படுத்தார்கள். பழனியாண்டி டவுன் பக்கமே வருவதில்லை.

ஆனால் அவன் கண்ணாடி செய்தான். பிரிஜெட் கேட்டதற்காகச் செய்தான். நான்கு பருவத்துக்கும் நான்கு. இலையுதிர் காலத்துக்கு மருந்து பாட்டிலின் பழுப்பு, இலை வடிவத்தில் விளிம்பு. துளிருக்கு வெளிர்பச்சை. கொட்டை வெடிக்கும் காலத்துக்கு ரப்பர்க் கொட்டையின் ஓடு போலவே புள்ளி புள்ளியாகச் சுட்டு எடுத்த விளிம்பு. மழைக்காலத்துக்கு நீலம் வேண்டும் என்றாள். நீல பாட்டில் கிடைக்காமல் அவன் தோட்டத்து ஆஸ்பத்திரிக் குப்பைமேட்டைக் கிளறினான். அது மட்டும் விழா நாள்வரை தள்ளிப்போயிற்று.

மற்ற கண்ணாடிகள் வந்ததும் அவற்றைப் பார்த்துத்தான் அவள் உடுப்பை வெட்டினாள். பழுப்புக் கண்ணாடியின் கூர்நுனிதான் முதல் சட்டையின் கழுத்தாயிற்று. கொட்டை விளிம்பின் புள்ளிகள் மூன்றாவதில் பொத்தான் வரிசையாயின. சில நாள் தானே ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாக்கை அந்த நிறத்தில் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஊர் பட்டினி கிடந்த அந்த நாட்களில் அவள் மனதுக்குள் பாட்டாக இருந்தது. பின்னால் அவளை அரித்தவற்றில் அதுவும் ஒன்று: அவ்வளவு சந்தோஷமாக அவள் வேறு எப்போதும் இருந்ததில்லை.

உடுத்தி நடக்கத் தோட்டத்துப் பெண்களைத்தான் பிடித்தாள். கடைசி உடுப்பான மழைக்கால உடுப்பு காளியம்மாவுக்கு. கூடாரத் துணியில் முழங்காலுக்குக் கீழே ஒடுங்கி இறங்கும் நீளப் பாவாடை. துரைசாணியின் புத்தகத்தில் பார்த்த ஒடுக்கம்.

"நடக்கவே முடியலியேக்கா, கால கட்டிப்போட்ட மாதிரி இருக்கு."

"சின்னச் சின்னதா எடுத்து வை காளி. அப்பத்தான் அழகு. ஓடவா போற?"

பழனியாண்டி லயத்துக் கதவோரம் நின்று பார்த்து, "மகாராணியால்ல இருக்கா!" என்றான். அவள் வெட்கப்பட்டு அவன்மீது ஒரு நூற்கண்டை எறிந்தாள்.

விழாவன்று கிடங்கு நிரம்பி வழிந்தது. சீனி என்ற சொல்லுக்கு அப்படி ஒரு பலம் இருந்தது. புதர்க்காட்டில் படுத்தவர்கள்கூடப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பின்பக்கம் ஷீட்டுகளை அடுக்கும் சின்ன அறையில் பிரிஜெட் பெண்களுக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். உடுத்தி முடித்தவர்களை மேடைப் பக்கம் அனுப்பிவிட்டு, புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தாள்.

ஆற்றங்கரை மூங்கில் புதருக்குப் பின்னால் லாரிகள் நின்றன. தார்ப்பாய் போட்ட லாரிகள். அவற்றின் நிழலில் சிப்பாய்கள் உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி முனையில் கத்தி மாட்டியிருந்தது. ஒருவன் கயிற்றுச் சுருளைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான்.

அரிசி கொண்டுவந்த லாரியாக இருக்கும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அரிசி லாரிக்கு எதற்குக் கயிறு, எதற்குக் கத்தி என்று உடனே மனதுக்குள் இன்னொரு குரல் கேட்டது.

அந்த நேரத்தில் பின்கதவைத் தட்டினார்கள். பழனியாண்டி. நீலக் கண்ணாடியை வாழைச் சருகில் பொதிந்து கொண்டுவந்திருந்தான். வேர்த்திருந்தான்.

"தங்கச்சி, இத குடுத்துட்டு நான் அப்படியே திரும்பிடுறேன். மனசு என்னமோ சரியில்ல. அவ நடக்குறத நீங்க வந்து சொல்லுங்க."

பிரிஜெட் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவன் நின்ற இடத்திலிருந்து மூங்கில் புதர் தெரியாது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் வந்த வழியே ஓடிவிடுவான். ஆனால் அவன் ஓடினால் இன்னொருவன் ஏன் என்று கேட்பான், கிடங்கு காலியாகும், ஹமாடாவுக்கு யார் பதில் சொல்வது? அந்தப் பயம் உண்மையானதுதான். ஆனால் அது மட்டும் இல்லை. உள்ளே நான்கு பருவமும் உடுத்தித் தயாராக நின்றது. ஒரே ஒரு முறை, எல்லாரும் பார்க்க, அது நடக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"இருங்கண்ணே" என்றாள். "கண்ணாடி செஞ்ச கை யாருன்னு எல்லாரும் பாக்க வேணாமா? அதிகாரிகிட்ட நான் பேசிட்டேன். ஒண்ணும் ஆவாது."

அவள் யாரிடமும் பேசவில்லை.

சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

பெண்கள் நடந்தார்கள். பழுப்புக் கண்ணாடி வந்தபோது கூட்டம் சிரித்தது, துளிர்ப் பச்சை வந்தபோது சிரிப்பு அடங்கியது, மூன்றாவதற்குக் கைதட்டினார்கள். கடைசியில் காளியம்மா நீலக் கண்ணாடியோடு, சின்னச் சின்ன அடியாக, தலை நிமிர்ந்து வந்தாள். மழைக்காலத்து வானம் போலச் சாம்பலும் நீலமுமாக இருந்தாள். யாரோ ஒரு கிழவர் "அடி ஆத்தா!" என்றார். பிரிஜெட் பழனியாண்டியின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்தாள். ஹமாடா எழுந்து நின்று கை தட்டினான்.

பிறகு அவன் பேசினான். பெண்களும் பிள்ளைகளும் முதலில் வெளியே போய் அரிசியும் சீனியும் வாங்கிக்கொள்ளட்டும், ஆண்கள் உட்கார்ந்திருக்கட்டும் என்றான். பெண்கள் முண்டியடித்து வெளியே வந்தார்கள். மேசைமேல் உண்மையாகவே சீனி இருந்தது. அவர்கள் வரிசையில் நின்றபோது பின்னால் கிடங்கின் இரும்புக் கதவு இழுத்து மூடப்பட்டது. லாரிகள் உறுமிக்கொண்டு மறுபக்கக் கதவுக்கு வந்தன.

முதல் கூச்சல் உள்ளேயிருந்து கேட்டது. பிறகு எல்லாரும் கத்தினார்கள். ரமணியை யார் கையிலோ திணித்துவிட்டுக் காளியம்மா லாரியின் பின்னால் ஓடினாள். ஓட முடியவில்லை. பாவாடை காலைக் கட்டியது. நாலடி போய் விழுந்தாள். எழுந்து, மறுபடி விழுந்தாள். மூன்றாம் முறை துணியை இரண்டு கையாலும் கிழிக்கப் பார்த்தாள். பிரிஜெட் இரட்டைத் தையல் போட்டிருந்தாள், அது கிழியவில்லை. புழுதிக்குள் லாரி பாசார் திருப்பத்தைத் தாண்டியது.

பிரிஜெட் போய் அவளைத் தூக்கினாள். காளியம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா, அவரு வரமாட்டேன்னு சொன்னாருக்கா, எனக்காகத்தான் வந்தாரு" என்றாள். பிரிஜெட் அவள் தலையில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு சிப்பாய் வந்து அவள் வாசலில் ஒரு கட்டு வெள்ளைத் துணி வைத்துவிட்டுப் போனான். போருக்கு முந்திய அசல் பருத்தி. அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குத் துணிவில்லை, தொடவும் மனமில்லை. கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஆறு மாதத்தில் அடைமழை வந்தது. கிழங்கும் இல்லாமல் போயிற்று. ஒருநாள் அந்தத் துணியை எடுத்துப்போய் ஒரு சீனக் கடையில் அரிசிக்கு மாற்றினாள். சோறு பொங்கிப் பாதியைக் காளியம்மாவுக்குக் கொண்டுபோனாள். காளியம்மா அதைக் குழந்தைக்கு ஊட்டிவிட்டு, "நீங்க இல்லேன்னா நாங்க என்னக்கா ஆயிருப்போம்" என்றாள்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தாள். தன் விழாவுக்கு வந்தவர்களைப் பிடித்துப் போய்விட்டார்கள் என்றாள். சாமியார் மெல்லிய குரலில், "உனக்குத் தெரியாமல் நடந்ததற்கு நீ எப்படிப் பொறுப்பாவாய், மகளே?" என்றார். அவள் லாரியைப் பற்றிச் சொல்லவில்லை. மன்னிப்பு வாங்கிக்கொண்டு எழுந்தாள். கொடுத்த செபங்களைச் சொன்னாள். திருட்டுச் சாமானை வாங்கி வந்தது போலிருந்தது அந்த மன்னிப்பு. அதற்குப் பிறகு நற்கருணை வாங்கும் வரிசையில் அவள் நிற்கவில்லை.

அவள் தரையில் வரைவதையும் விட்டாள். கிழிந்ததைத் தைத்தாள், அவ்வளவுதான். ஒட்டுப் போட்ட இடம் வெளியே தெரியாதபடி தைத்தாள்.

ஜப்பான்காரர்கள் தோற்று, வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தபின்தான் சயாமுக்குப் போனவர்களில் மிஞ்சியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆத்துக்கரைத் தோட்டத்துக்கு இரண்டு பேர்தான் திரும்பினார்கள். ஒருவர் பக்கிரிசாமி, முழங்காலுக்குக் கீழே புண் அழுகி, எலும்பு தெரிய வந்தார். பிரிஜெட் செய்தி கேட்டு ஓடியபோது காளியம்மாவின் வாசலில் அவரைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். லயத்துச் சனமெல்லாம் சுற்றி நின்றது.

"காலரா, தாயி" என்று அவர் காளியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மழ நின்னாத்தானே. ஒரே நாள்தான் கெடந்தான். நாந்தான் குழியில போட்டேன்."

காளியம்மா அழவில்லை. அவள் முன்பே அழுது முடித்திருந்தாள்.

"ஏதும் சொன்னாரா?"

"என்னத்த சொல்றது. ரயில்ல நிக்க எடமில்லாம போனோம்ல, அப்ப உன்னப் பத்திதான் பேச்சு. 'நீலக் கண்ணாடி போட்டு நடந்தா பாத்தியா, பாத்தியா'ன்னு எல்லார்கிட்டயும் கேட்டுகிட்டே வந்தான். சிரிப்பான். பைத்தியக்காரன்னு நெனச்சோம்." அவர் பிரிஜெட்டை நிமிர்ந்து பார்த்தார். "உங்களயும் சொன்னான்மா. தங்கச்சி புடிச்சு வச்சதாலதான் அதப் பாக்கக் கெடச்சுதுன்னான்."

பிரிஜெட் கூட்டம் கலையும்வரை சுவரைப் பிடித்து நின்றாள். எல்லாரும் போனபின் காளியம்மா அடுப்படியில் உட்கார்ந்து கிழங்கு துருவ ஆரம்பித்தாள். பிரிஜெட் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"காளி, அன்னைக்கு நான் லாரியப் பாத்தேன்."

துருவும் சத்தம் நிற்கவில்லை.

"முன்னாலயே பாத்தேன். ஜன்னல் வழியா. சிப்பாயிங்க, கயிறு, எல்லாம் பாத்தேன். அண்ணன் திரும்பிப் போறேன்னாரு. அதிகாரிகிட்ட பேசிட்டேன்னு பொய் சொல்லி நாந்தான் நிக்க வச்சேன்."

துருவும் சத்தம் நின்றது.

"எதுக்கு?"

"பயம்."

"வேற?"

காளியம்மா நேராகப் பார்த்துக் கேட்டாள். பிரிஜெட்டால் அந்தக் கண்ணுக்குப் பொய் சொல்ல முடியவில்லை.

"நான் தச்சத எல்லாரும் பாக்கணும்னு இருந்துச்சு."

பிறகு காளியம்மா கையைக் கழுவினாள். எழுந்து நின்றாள்.

"இத்தன வருஷம் உங்க கையால சோறு வாங்கித் தின்னிருக்கேன்."

"காளி..."

"எனக்கு மட்டும் சொன்னா பத்தாது. என் புருஷன் ஒருத்தனா போனான்? நாளைக்கு பெரட்டுக்கு வாங்க. எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க."

அன்றே ஊரைவிட்டு ஓடிவிடலாமா என்று பிரிஜெட் யோசித்தாள். அண்ணனைத் தேடிப் பினாங்குக்குப் போகிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மூட்டைகூடக் கட்டினாள். விடியலில் அந்த மூட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தாள்.

காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வாளியும் கத்தியுமாக வரிசை கட்டி நின்றார்கள். ஆட்களை மேய்க்கும் தண்டலிடம் போய்க் காளியம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அவர் தலையாட்டி ஒதுங்கினார். பிரிஜெட் முன்னால் போய் நின்று சொன்னாள். குரல் எழும்பவில்லை. "சத்தமா சொல்லுங்க, பின்னால கேக்கல" என்று யாரோ அதட்டினார்கள். முதலிலிருந்து மறுபடி சொன்னாள். லாரி, கயிறு, ஜன்னல், பொய். தன் உடுப்பைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொன்னதும் வீண் என்று பட்டது.

யாரோ மண்ணாங்கட்டியை எறிந்தார்கள். தோளில் பட்டு உதிர்ந்தது. ஓர் இளம்பெண் வந்து அவள் முகத்தில் துப்பினாள். அவள் கல்யாணமாகி மூன்றாம் மாதம் புருஷனை இழந்தவள். பிரிஜெட் துடைக்கவில்லை. "சப்பாங்காரன்கிட்ட துணி வாங்குனவதானே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆமாம் என்றாள் பிரிஜெட்.

அப்போது வரிசையிலிருந்து புஷ்பவள்ளி வந்தாள். அவளுடைய ஒரே மகன் போய்த் திரும்பவில்லை. அவள் அடிக்கத்தான் வருகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"என் மவன் வரலேன்னுதான் சொன்னான்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "நாந்தான், சீனி குடுக்குறாங்கடா, போய்ட்டு வாடான்னு தொரத்துனேன். ரெண்டு கை சீனிக்காக."

அப்படியே தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தூக்க இரண்டு பெண்கள் ஓடினார்கள். இன்னொரு கட்டி வரவில்லை. தண்டல் தொண்டையைச் செருமி ஆட்களின் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார். வெயில் ஏறினால் பால் வராது. ஒவ்வொருவராக வாளியை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போனார்கள். காளியம்மாவும் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் ஆத்துக்கரைத் தோட்டத்திலிருந்து ஒரு துணியும் பிரிஜெட்டிடம் வரவில்லை. அவள் ஒரு சீனத் தையல்கடையில் கால்சட்டைக்குக் கரை அடித்துப் பிழைத்தாள். பெர்னார்ட் குண்டுவீச்சிலேயே இறந்துவிட்டான் என்று உறுதியான தகவல் வந்தது. கோயிலில் மறுபடி போய் மண்டியிட்டு, இம்முறை லாரியையும் சொன்னாள். சாமியார் முழுவதையும் கேட்டார். கடைசியில் ஆசீர்வதித்தார். அவள் அதை வாங்கிக்கொண்டாள். ஆனால் இரவில் கதவு மூடும் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவது நிற்கவில்லை.

மறு வருஷம் மாசி மாதம். ஒரு நண்பகலில் அவள் சோற்றுக்கு வீடு வந்திருந்தபோது வாசலில் நிழலாடியது. காளியம்மா. தலையில் டிரங்குப் பெட்டி, கையில் ரமணி. பிள்ளை வளர்ந்திருந்தாள்.

"கூலிம் பஸ்ஸுக்கு நேரமிருக்கு" என்றாள் காளியம்மா. "வெயிலு. பிள்ளைக்குத் தண்ணி வேணும்."

பிரிஜெட் தண்ணீர் கொண்டுவந்தாள். காளியம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். உள்ளே வரச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று பிரிஜெட் கூப்பிடவில்லை.

"எங்க போற?"

"செர்டாங் பக்கம் ஒரு தோட்டம். அய்யாவுன்னு எங்க சொந்தக்காரரு இருக்காரு, வேல சொல்லியிருக்காரு. இங்க இருக்க முடியல. எந்த மரத்தப் பாத்தாலும் அவரு ஞாபகம்."

"ம்."

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல."

"தெரியும்."

"எப்பவாச்சும் முடியுமான்னும் தெரியல. நடுவுல நடுவுல உங்கள நெனச்சாலே அடிவயிறு எரியுது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அன்னைக்கு நீங்க ஓடிப்போயிருவீங்கன்னு நெனச்சேன். வந்தீங்க" என்றாள்.

பிரிஜெட்டும் படியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். தூக்கம் வந்த ரமணி, இருவருக்கும் நடுவே படியில் சாய்ந்தாள். அவள் தலை பிரிஜெட்டின் மடியில் வந்து விழுந்தது. பிரிஜெட் கையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தாள், தொடலாமா என்று தெரியாமல். காளியம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளையை இழுத்துக்கொள்ளவில்லை.

பஸ் வரும்வரை அப்படியே இருந்தார்கள். ஹாரன் கேட்டதும் காளியம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பெட்டியை பிரிஜெட் எடுத்தாள். வேண்டாம் என்று காளியம்மா தடுக்கவில்லை. பிரிஜெட் அதைப் பஸ் படிவரை கொண்டுபோய் உள்ளே தள்ளி வைத்தாள்.

"போய்ட்டு வரேன்" என்றாள் காளியம்மா. பழக்கத்தில் வாயில் வந்துவிட்ட வார்த்தை. வந்தபின் உதட்டைக் கடித்துக்கொண்டாள், ஆனால் திருத்தவில்லை.

பஸ் கிளம்பியது. பிரிஜெட் சீனக் கடைக்கு நடந்தாள். மத்தியான வேலை இன்னும் பாக்கி இருந்தது.